டைல்ஸில் 0.41

புது ஷூ இரண்டு நாள் காலைக் கடிக்கும். அதற்காக யாரும் போலீசுக்குப் போவதில்லை. நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன். கேட்கிறீர்கள், சொல்கிறேன் சார்.

ஷூவை வழுக்கவிடுவதுதான் என் உத்தியோகம். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ஒரு இரும்புக் கால் உண்டு. தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு ஷூவை அதில் மாட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸ் மேல் அழுத்தி இழுப்போம். பிறகு வழவழப்பான திரவம் பூசிய இரும்புத் தகட்டின் மேல். அடிப்பாகம் எவ்வளவு பிடிக்கிறது என்று மெஷின் எண்ணாகச் சொல்லும். எண் ஏறினால் பிடிப்பு அதிகம். டைல்ஸில் சமர்த்தாக நிற்கும் ஷூ, இரும்பில் காலை வாரிவிடுவதும் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன் மச்சான் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மச்சான் என் மனைவியின் அண்ணன், எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர். அவர்தான் கைகொடுத்துத் தூக்கினார், மறைக்கமாட்டேன். தூக்கிக்கொண்டே கூடத்துக்குக் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் இங்க வாங்க. ஊர் ஷூவுக்கெல்லாம் மார்க் போடுறவரு ஃபெயிலாகிக் கெடக்காரு."

அன்றிலிருந்து நான் ஃபெயில் மாப்பிள்ளை. என் மகளே ஒருநாள் தோழியிடம் அப்படிச் சொல்லிச் சிரித்தாள்.

போன மாதம் ஒரு ரகம் சோதனைக்கு வந்தது. டைல்ஸில் 0.41, அபாரம். இரும்பில் 0.08. இரண்டையும் நேர்மையாக, தனித்தனிப் பக்கத்தில் எழுதினேன். சோதித்தது போக மிஞ்சிய ஜோடி மச்சானின் அளவு. முதல் பக்கத்தை மட்டும் பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொடுத்தேன்.

"பரவால்லயே மாப்ள, உங்களாலயும் ஒரு பிரயோஜனம் இருக்கு" என்றார்.

அவர் ஆலையில் படிக்கட்டு இரும்பு. எண்ணெய் சொட்டாத நாளில்லை. எனக்கே தெரிந்தது, அங்கேயே கிடப்பவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பதினெட்டுப் படி. கீழே வந்து சேர்ந்தபோது பேச்சில்லை. மறுநாள் மூச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் பொருட்களை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் தேயவே இல்லை. சோதனை முடிவு சரியாக இருந்ததில், தொழில்ரீதியாக, எனக்கு ஒரு நிம்மதி.

போன் பதிவை எடுத்துவிட்டீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். விழுந்த அன்று காலை மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, இரும்புப் படிக்கு இது தாங்குமா?"

"தைரியமா ஏறுங்க மச்சான்" என்றேன்.

ஏறுவதற்குத்தான் சொன்னேன் சார். இறங்குவதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.