காப்பு நூலுக்குக் கீழே

பகல் தூக்கம் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, போனைச் சமையலறையில் வைத்துவிட்டால் சீக்கிரம் பழகிவிடும். நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். மீன் பெட்டிகள் அடுக்கிய அறைகளில் குளிர் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் மெக்கானிக்கை எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் வீடு திரும்பும் நேரத்தில் அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். மாடிப்படியில் ஒருவரை ஒருவர் கடந்து போவோம்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணித் தின்னு. ஐஸ்கட்டி மாதிரி அப்படியே முழுங்காத."

எனக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. அவள் என்னிடம் பேசும் விதம் மட்டும் மாறவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவள். குழந்தைகள் வார்டுக்குப் போகும் மருந்துகளைத் துளிக் கணக்கில் அளந்து கலக்க வேண்டும். ஒரு துளி கூடினாலும் விபரீதம். அவள் கையில் அப்படி நடந்ததே இல்லை. வீட்டுக்கு வந்தால் லேஸ் பின்னுவாள். கம்பளி நூலில், முடியைவிடச் சற்றே தடித்த நூலில், இலை இலையாக ஓட்டைகள் விட்டுப் பின்னும் வேலை. டிவி பார்த்துக்கொண்டு செய்ய முடியாது. ஊசியில் மாட்டிய நூல் வளையத்துக்குக் கண்ணி என்று பெயர்; ஒரு கண்ணி நழுவினால் அது கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். சாதாரணப் பின்னலில் அதைக் கொக்கி போட்டு மேலே இழுத்துவிடலாம். லேஸில் ஓட்டை எது, நழுவியது எது என்று தெரியாது.

அதற்காகத்தான் காப்பு நூல். ஒரு வரிசை இலை முடிந்ததும், ஊசியில் இருக்கும் கண்ணிகளை அக்கா மொத்தமாக எண்ணுவாள். சரியாக இருந்தால், ஒரு மொட்டை ஊசியில் சிவப்புத் தையல் நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டி, இரண்டு பக்கமும் வால் விட்டு வைப்பாள். கீழே இருந்த பழைய நூலை உருவிவிடுவாள். பிறகு மேலே எங்கே தப்பினாலும் பயமில்லை. பிரித்துக்கொண்டே வந்தால் சிவப்பு நூலில் வந்து நிற்கும். அந்த வரிசை சரி என்று அவளே சொன்ன வரிசை அது. அதற்குக் கீழே சந்தேகமே கிடையாது.

கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து பல வருடமாகியிருந்தது. மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அக்கா அவரிடம் கண்ணாடி போடப் போனாள். அப்புறம் கண்ணாடியின் காதுக்கம்பி சரியில்லை என்று போனாள். அப்புறம் காரணமே சொல்லாமல் போனாள். நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. கடையை விற்றுவிட்டுக் கடலோரத்தில் இருக்கும் தன் மகளின் ஊருக்குப் போகிறவர், அக்காவையும் கல்யாணம் செய்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கல்யாணத்துக்குத் தன் கையால் பின்னிய சால்வையைத்தான் போர்த்திக்கொள்வாள். அது முடிந்ததும் தேதி.

"தம்பி, நாள் எப்பன்னு கேட்டா உங்க அக்கா பின்னலத் தூக்கிக் காட்டறாங்க" என்று அவர் என்னிடம் முறையிட்டார். "இந்த வேகத்துல போனா அத எனக்குக் கடைசியாப் போர்த்தத்தான் ஆகும்."

"உங்களுக்கு எதுக்கு லேஸு? பாதி ஓட்டை, மீதி காத்து. குளிரும் தாங்காது, மானமும் காக்காது" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன பிறகு நான் என்ன செய்வேன் என்று அக்கா என்னைக் கேட்டாள். கேட்காமல் இருக்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "சமைக்கக் கத்துக்கோடா" என்று சொல்லிவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அந்த ஊசிகளின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். அவள் அத்தனை சுலபமாகப் பேச்சை முடித்திருக்க வேண்டாம்.

எனக்குப் பின்னத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. பகலில் தூக்கம் வராதபோது அவளுடைய பழைய கழுத்துத்துணி ஒன்றைப் பிரித்துப் பின்னிப் பார்த்தேன். பிரிப்பதிலிருந்துதான் கற்றேன். ஒரு கண்ணி எப்படி அவிழ்கிறது என்று பார்த்தால் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அக்காவின் கை கொஞ்சம் இறுக்கம். என் கை தளர்வு. அவள் இறுக்கம் என் கைக்கு வர வெகு நாளானது. இரண்டு பேர் பின்னியதைப் பக்கத்தில் வைத்து எனக்கே அடையாளம் தெரியாமல் போன அன்று, எனக்கு அவள்மீது இருந்த பாசம் இன்னும் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

சால்வை பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. அவள் வேலைக்குப் போனதும் எடுத்து மேசையில் விரித்தேன். முதலில் அவளுடைய சிவப்பு நூலுக்கு இரண்டு வரிசை கீழே என் பங்குக்கு ஒரு காப்பு நூல் ஓட்டிக்கொண்டேன். தெரியாத்தனமாக எதையும் கெடுத்துவிடக் கூடாது அல்லவா. பிறகு அவளுடைய நூலை உருவி, அதுவரை பிரித்தேன். ஒரு இலையில் ஒரு ஓட்டையைக் குறைத்தேன். நாலு இலை தள்ளி ஒரு ஓட்டையைக் கூட்டினேன். மொத்தக் கணக்கு மாறாது. இடையில் உள்ள இலைகள் மட்டும் ஒரு கண்ணி நகர்ந்திருக்கும். அவள் மொத்தத்தைத்தான் எண்ணுவாள் என்பது எனக்குத் தெரியும். சிவப்பு நூலை இருந்த வரிசையில் திரும்ப ஓட்டி, வாலை அதே நீளத்துக்கு விட்டு, அவள் நிறுத்திய இடம்வரை பின்னி, என் நூலை உருவிவிட்டு, பையில் வைத்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அவள் சில வரிசைகள் போனதும் இலை நரம்பு கோணலாக ஏறுவதைப் பார்த்தாள். காப்பு நூல்வரை பிரித்தாள். எண்ணினாள். சரி. மறுபடி பின்னினாள். மறுபடி கோணல். இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கடியில் பிடித்துப் பார்த்தவள், தவறு காப்பு நூல் ஓடிய வரிசையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"இது நான் எண்ணிப் பார்த்த வரிசைடா" என்றாள்.

"தூக்கக் கலக்கத்துல எண்ணியிருப்ப."

"நான் தூக்கக் கலக்கத்துல எண்ண மாட்டேன்."

அது உண்மை. அன்று அவள் முழுவதையும் ஆரம்பம்வரை பிரித்தாள். காப்பு நூலுக்குக் கீழே பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நான்தான் நூலைப் பந்தாகச் சுற்றினேன்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். அம்மாவுக்கு அக்காவின் இந்த வயதில்தான் மறதி ஆரம்பித்தது. முதலில் எண்ணிக்கை தப்பியது, பிறகு கிழமை, பிறகு நாங்கள். நான் வளர்ந்த காலம் முழுவதும் அக்கா அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி கதவைப் பூட்டி வைத்தாள். வந்த வரன்களை எல்லாம் அதற்காகவே திருப்பி அனுப்பினாள். ஆக, அந்தப் பயம் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. நான் கொண்டுவரவில்லை.

அக்கா முதலிலிருந்து மறுபடி பின்னினாள். இரண்டாம் முறையும் செய்தேன். மூன்றாம் முறை அக்கா ஒவ்வொரு காப்பு நூலையும் ஓட்டும்முன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"நீ எண்ணுடா. எனக்கு என்மேல நம்பிக்கை இல்ல."

நான் விரல் வைத்து, அவளுக்குக் கேட்கும்படி எண்ணினேன். சரியான எண்ணிக்கையைத்தான் சொன்னேன். ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. மறுநாள் பகலில் என் வேலையைச் செய்தேன். பகலில் தூங்காததால் கிடங்கில் கண்ணயர்ந்து, ஒரு அறை மீன் முழுக்கக் கெட்டு, வேலை போனது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காதான் அழுதாள். என்னைக் கவனிக்காமல் விட்டதால் நான் சரியாகத் தூங்கவில்லையாம்.

அதற்குப் பின் அவள் ஆஸ்பத்திரியில் தன் வேலையை விட்டாள். எந்தத் தவறும் நடக்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள். அவள் அப்படித்தான் செய்வாள் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

கண்ணாடிக்காரர் வந்தபோது நான் உள்ளறையில் படுத்திருந்தேன். கதவு மெல்லியது.

"மறதி வந்தா வரட்டுமே. தெனம் காலைல புதுசா அறிமுகம் பண்ணிக்கிறேன். எனக்கென்ன, கடையில அதத்தான பண்ணிட்டு இருக்கேன்."

"வேணாம்ங்க."

"சால்வை முடியலன்னா ஒரு துண்டப் போர்த்திட்டு வாங்க. இல்லன்னா என் சட்டையப் போட்டுட்டு வாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு நான் பண்ணினத நீங்க எனக்குப் பண்ண வேணாம். பண்ணினவளுக்குத்தான் தெரியும் அது."

அவர் வெகுநேரம் போகாமல் இருந்தார். மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. பிறகு படியிறங்கும் சத்தம். அக்கா வந்து என் கதவைத் தட்டி, சாப்பிட வா என்றாள். கண் வீங்கியிருந்தது. இரண்டு தட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அக்கா என்னைவிட ஒரு படி மேலே யோசித்தாள். அம்மா கடைசியில் இருந்த அதே பராமரிப்பு இல்லத்தில் போய்ப் பேசி, இப்போதே சேர்ந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டாள். எனக்குப் பாரமாக இருக்கக் கூடாதாம். பெட்டியும் கட்டிவிட்டாள். சேரும்முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்றார்கள். மருத்துவர் ஒரு பெண். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உங்க மூளை என்னோடத விட நல்லா இருக்கும்மா" என்றார்.

"எங்க அம்மாவுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க டாக்டர். எனக்குத் தெரியும். எண்ணி வெச்ச வரிசையிலேயே தப்பு வருது." கைப்பையிலிருந்து பின்னலை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள்.

கையோடு கொண்டுவந்த பெட்டி மருத்துவர் அறைக் கதவருகில் இருந்தது. அவள் என்னைவிட்டுப் போவதைத் தடுக்க என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னேன். "அந்தத் தப்ப எல்லாம் பண்ணினது நான்தான் அக்கா. நீ வேலைக்குப் போனப்புறம் பிரிச்சு மாத்திப் பின்னி வெச்சேன். நீ போகக் கூடாதுன்னு பண்ணினேன்." ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இதையும் உன் தலையில போட்டுக்கறியாடா? லூசு."

அவள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். இப்படி ஒரு தம்பியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டுவிட்டு, பெட்டியை அவளே அவிழ்த்தாள். பின்னுவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று அடிக்கடி கேட்பாள். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், சரிபார்த்துக்கொள்கிறாள். நான் சரியான கிழமையைத்தான் சொல்கிறேன். நான் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். கண்ணாடிக்காரர் கடலோரத்திலிருந்து இரண்டு முறை போன் செய்தார். அவள் தூங்குவதாகச் சொன்னேன். நான் உண்மையை மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவர் முன்னிலையில், அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நம்பாதது அவள்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று அந்த அறையில், நான் சொல்லி முடித்ததும், அக்கா என் கன்னத்தைப் பிடிப்பதற்கு முன், மருத்துவர் மட்டும் என்னைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்த்தார். அக்காவின் கைப்பையிலிருந்து பின்னலை எடுக்கச் சொன்னார். "உங்க தம்பி சொல்றது நிஜமா இருந்தா ஒரு வரிசை பின்னிக் காட்டட்டுமே. பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்றார். அக்கா ஊசிகளை என் கையில் வைத்தாள். என் கைக்கு அவற்றின் கனம்கூடத் தெரியும். ஒரே ஒரு இலை போட்டிருந்தால் போதும். அவளுக்கு அவள் மூளை திரும்பக் கிடைத்திருக்கும். வேலையும், கடலோர வீடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் இரண்டு ஊசிகளையும் கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்தேன். நூலை எந்த விரலில் சுற்ற வேண்டும் என்று அவளிடமே கேட்டேன்.