கழித்தல் குறி தாவிய சார்பியல் தாள்

ஏப்ரல் ஒன்பதாம் நாள், கணிதத் துறையின் இரண்டாம் மாடி அலுவலக அறையில், சார்பியல் தாளின் விடைக்குறிப்பில் ஒரு பிழை கண்டறியப்பட்டது.

காலத்தையும் இடத்தையும் ஒரே கரும்பலகையில் கைகோக்க வைத்த பேராசிரியப் பெருந்தகையே! வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகளாக ஆண்டுதோறும் நீங்கள் நடத்திய சார்பியல் முதல் வகுப்புக்கு நாங்களும் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறோம். ஓடுபவரின் கடிகாரமும் நிற்பவரின் கடிகாரமும் ஒத்துப்போகாது, அளவுகோல்களும் அப்படித்தான். ஆனால் இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவின் வர்க்கத்திலிருந்து அவற்றின் இடத்தொலைவின் வர்க்கத்தைக் கழித்தால் இருவருக்கும் ஒரே விடை என்பீர்கள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பீர்கள். சாக்பீஸ் தூள் வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். மணி அடித்தும் யாரும் எழமாட்டார்கள். பிறகொரு நாள், அந்தச் சமன்பாட்டில் மாறாது நின்ற எண்களை இடத்துக்கு இடம் மாறவிடுவீர்கள். தட்டையான வெளி மெல்ல வளைந்து பொதுச் சார்பியலாகும்; ஆனாலும் ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் சிறப்புச் சார்பியல் ஒரு சிறு சமவெளியாக விரிந்து கிடக்கும்.

அவ்வகுப்புகளுக்கான உங்கள் பாடக்குறிப்புகளை நூலாக்கத் தட்டச்சு செய்த அலுவலக அக்கா அன்று கேட்டார்: "சார், நாலாம் பாடத்துல மைனஸ் இடத்துக்கு முன்னாடி இருக்கு. ஒன்பதுல நேரத்துக்கு முன்னாடி தாவிடுச்சே?"

"ரெண்டும் சரிதான்மா. எல்லா இடத்துலயும் ஒண்ணையே போடணும், அவ்வளவுதான்."

"அப்ப நாலாம் பாடத்தைப் பாத்து எழுதின பிள்ளைங்களுக்கு ஏன் சார் மார்க் போடல? விடைக்குறிப்புல ஒன்பதாம் பாடத்துக் குறி மட்டும்தானே இருக்கு, அதையும் நான்தானே அடிச்சேன்."

நீங்கள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தீர்கள். பிற்பாதியைத் திருத்தி எழுதியபோது குறியை மாற்றிய நீங்கள், முற்பாதியை மாற்ற மறந்திருந்தீர்கள்.

எங்களில் சிலர் தடுத்தோம். "ரிட்டயர் ஆக இன்னும் மூணு வாரம்தான் சார். பேர் கெடாம போயிடுங்களேன்."

"பேரு என்னோடது. மார்க்கு அவங்களோடது," என்று சொல்லிவிட்டு, உங்கள் பிழையை உங்கள் கையாலேயே தேர்வுத் துறைக்கு எழுதினீர்கள். இம்மடலில் 'பிழையே அறியாதவரே' என்று உங்களை விளித்திருந்தோம். "அதை எடுத்துடுங்கப்பா, சபையில சிரிப்பாங்க" என்றீர்கள். எடுத்துவிட்டோம்.

அவசரமில்லாத காலைகளும் நல்ல உறக்கமும் நோயற்ற நெடுவாழ்வும் உங்களுக்கு வாய்க்கட்டும்!

இருபத்தாறு விடைத்தாள்கள் மறுபடி திருத்தப்பட்டன. ஒன்பது பேர் புதிதாகத் தேர்ச்சி பெற்றனர். முடிவு நேற்று வெளியானது.

அன்புடன்,
கணிதத் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்