கண்டத்தை வாங்கிக்கொள்ளும் மீன்

மீன் கடை வைப்பவர்களுக்குச் செருப்பு நிலைக்காது. தரை எந்நேரமும் ஈரம். எவ்வளவு நல்ல செருப்பாக வாங்கினாலும் மழைக்காலம் முடிவதற்குள் வார் பிய்ந்துவிடும். அதனால்தான் உங்கள் கான்ஸ்டபிள் வந்து கூப்பிட்டபோது வெறுங்காலோடு வந்தேன். பதறி ஓடிவந்ததாக எழுதிவிடாதீர்கள், மஞ்சுநாத் சார். நான் நிதானமாகத்தான் வந்தேன்.

என் பெயர் தாரணி. அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கலர் மீன் கடை என்னுடையது. அதற்கு முன்பு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு மீன் கடை வைக்கப்போகிறேன் என்றதும் என் அண்ணன் ஸ்ரீகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பெங்களூர்ல மனுஷனுக்கே தண்ணி இல்ல, நீ மீனுக்கு எங்க போவே?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் ஆசை வந்தவளிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

கொளத்தூரிலிருந்து முதல் சரக்கு பஸ்ஸில் வந்த காலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே பலூன் மாதிரி காற்றடைத்த பைகள். பைக்குள் நீலமும் சிவப்புமாக டெட்ராக்கள், கோடு போட்ட ஏஞ்சல்கள், வாலை விசிறிக்கொண்டு கப்பிகள். எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் கடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு கிறுகிறுப்பு வந்ததில்லை. என் கல்யாணம் எப்படி முடிந்தது என்பது வேறு கதை, அது உங்களுக்கு வேண்டாம்.

மீன் தொழிலில் பாதி தண்ணீர்தான் சார். குழாயில் வருகிற காவேரித் தண்ணீரில் கிருமி சாவதற்குக் குளோரின் போட்டிருப்பார்கள். நமக்கு அது ஒன்றும் செய்யாது, மீனுக்கு விஷம். டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். இதை ஒவ்வொரு கஸ்டமரிடமும் சொல்லித்தான் மீனைக் கொடுப்பேன். தலையாட்டிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள்.

முதல் டிசம்பரில் குளிர் வந்ததும் மீன்கள் சாக ஆரம்பித்தன. பக்கத்துத் தெரு லவினா டீச்சர் ஒரு செத்த ஏஞ்சலை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "நேத்து வாங்கினது, இன்னைக்கு மிதக்குது. இதுக்குப் பேரு வியாபாரமா?" என்று கடையில் நின்ற எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த மீனை விற்கும்போதே அதன் உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் இருந்தது எனக்குத் தெரியும். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் என் நாக்கு முந்திக்கொண்டது.

"கோவப்படாதீங்க டீச்சர். உங்க வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது தன் மேல வாங்கிக்கிச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனைச்சுக்கோங்க."

டீச்சர் டப்பாவை மூடினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் நேத்து ஸ்கூட்டர்லருந்து விழுந்தாரும்மா. ஒரு சிராய்ப்புகூட இல்ல" என்றார். போகும்போது இரண்டு ஏஞ்சல் வாங்கிப்போனார்.

இது நானாகக் கட்டிய கதை இல்லை. வாஸ்து மீன் விற்கிற எல்லாக் கடையிலும் புழங்குகிற பேச்சுதான். மற்றவர்கள் அதை வாய்க்குள் முனகுவார்கள், நான் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். டீச்சர் போனதும் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு செத்த மீனைக் கொண்டுவந்து சண்டை போட்டவர்கள் யாரும் இல்லை. நன்றி சொல்லத்தான் வந்தார்கள்.

அய்யாவு அண்ணன் வந்தது அந்தச் சமயத்தில்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நெஞ்சுவலிக்கு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் மனதுக்கு ஆறுதலாக ஒரு மீன் வேண்டும் என்று கேட்டார். நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் ஒன்றைக் கொடுத்தேன். அது கண்ணாடிக்கு வெளியே விரலை நீட்டினால் பின்னாலேயே வரும், காசு கேட்பதுபோல் முகத்தை நீட்டும். அதனால் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார். ராசி, ஜாதகம் எதையும் நம்பாத குடும்பம். மகளுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்திருந்தார், புத்தர் படம் தவிர வீட்டில் வேறு படம் கிடையாது. ஆனால் கத்தி என்றால் அவருக்குப் பயம். பயத்துக்குக் கொள்கை ஏது?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று பாசத்தில் டேங்கைத் தானே கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டார். கண்டக்டர் செத்துப்போயிற்று. கடைக்கு வந்து குழந்தை மாதிரி அழுதார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். முதுகில் இருந்து மூட்டையை இறக்கிவைத்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். "நெஜமாவா தாரணிம்மா?" என்றார். "நெஜம்தான் அண்ணே" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் அவர் மனைவி காந்தா அண்ணி கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். அண்ணன் ஏரியைச் சுற்றி வாக்கிங் போனார், கடைக்கு வந்து பாட்டுப் பாடினார், இரண்டாவது கண்டக்டரை வாங்கிப்போனார். ஒரே வார்த்தையில் ஒரு மனிதனை அப்படித் துள்ள வைக்க உங்களால் முடியுமா? அன்று என் கால் தரையில் பாவவில்லை.

மறுபடி வலி வந்தது. சங்கமித்ரா மறுபடி தேதி வாங்கினாள். தொம்மலூரில் ஆபீஸ் வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பெண். நான் அவர் வீட்டுக்கு டேங்க் கழுவப் போயிருந்தபோது அண்ணன் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கொஞ்சம் வாடின மாதிரி தெரியுதில்ல?" என்றார். மீன் கிண்ணென்று இருந்தது. அவர் கண்ணில் இருந்த ஆசை எனக்குப் புரிந்தது. டிரம்மில் தண்ணீர் இருந்தும், நான் வாளியைக் குழாயடியில் வைத்தேன்.

காலையில் போன் வந்தது. மீன் செத்துவிட்டதென்று அண்ணி சிரித்துக்கொண்டே அழுதார். மறுபடி கேசரி.

அதன் பிறகு எனக்குக் கை பழகிவிட்டது. விசா கிடைக்காதவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று வீட்டுக்கு வீடு டேங்க் கழுவப் போனேன். எங்கே தேவையோ அங்கே குழாய்த் தண்ணீர். ஒவ்வொரு மீனுக்குப் பின்னாலும் ஒரு நல்ல சேதி வந்தது. பொய் என்றால் இத்தனை பேருக்கு எப்படிப் பலிக்கும் என்று நானே யோசிக்க ஆரம்பித்தேன். கடையைத் திறக்கும்போதே எனக்குள் ஒரு குதூகலம். இன்றைக்கு யார் வீட்டுக் கண்டத்தைக் கழிக்கப்போகிறோமோ என்று.

ஒரு நாள் சங்கமித்ரா கடைக்கு வந்தாள். "ஆன்ட்டி, அப்பாவுக்கு மூணு எடத்துல அடைப்பு. டாக்டர் சொன்னாலும் கேக்கல, நான் சொன்னாலும் கேக்கல. நீங்க சொன்னா கேப்பாரு. மீன் தண்ணியாலதான் செத்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்" என்றாள். "சொல்றேம்மா" என்று ஒரு ஜோடி கப்பியைச் சும்மாவே பையில் போட்டுக் கொடுத்தேன்.

சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதனிடம் போய் அது குளோரின் அண்ணே என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். அந்த மாதமும் மீன் செத்தது. அவர் போகவில்லை.

கடைசித் தேதி போன திங்கட்கிழமை. ஞாயிறு சாயங்காலம் டேங்க் கழுவப் போனேன். அண்ணன் படியேறவும் முடியாமல் நாற்காலியிலேயே இருந்தார், ஆனால் முகத்தில் கவலையே இல்லை. "வந்துட்டியா தாரணிம்மா" என்று கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததோ என்னவோ. நான் டேங்குக்குள் கையை விட்டதும் அந்தக் கண்டக்டர் வந்து என் உள்ளங்கையில் நெற்றியை முட்டியது. எத்தனையோ மீன்களைப் பார்த்தவள் நான், எந்த மீனும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. மனசு இளகிவிட்டது. டிரம்மில் இருந்த, குளோரின் போன பழைய தண்ணீரையே டேங்கில் ஊற்றிவிட்டு வந்தேன்.

மற்றதைச் சங்கமித்ரா உங்களிடம் சொல்லியிருப்பாள். காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றதாம். அண்ணன் டேங்க் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மீனையே பார்த்தாராம். "ஸ்வல்ப இரும்மா, மீனு இப்ப போயிடும், இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்றாராம். அவள் கெஞ்சினாளாம், கையைப் பிடித்து இழுத்தாளாம். மூச்சு திணறியபோதும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். தலை சாய்ந்த பிறகும் மீன் அவர் விரலுக்கு நேராக நின்றுகொண்டிருந்ததாம்.

அவள் சொல்வதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை சார். அய்யாவு அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மீனை நான் கொன்றிருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார்.