துவாய் காயவைக்கிற கம்பி

— அண்ணா, ஒரு விசயம் சொல்லவேணும்.

— பொறு பிள்ளை, முதல் இதைக் கேள். நான் அனுப்பின கம்பியைச் சுவரில துளை போட்டுப் பூட்டி, சுவிச்சைப் போட்டா கால் மணித்தியாலத்தில சுடும். துவாயை அதில விரிச்சுவிட வேண்டியதுதான். ஒரு குண்டு பல்ப் எரியிற கரண்ட்தான் போகும். விளங்குதோ?

— விளங்குது.

— இங்க லண்டன்ல எங்கட குளியலறையில மூண்டு வருசமாக் கிடக்கு. மழையோ பனியோ, துவாய் மொறுமொறெண்டு இருக்கும். ஊத்தை மணம் இல்லை, பூஞ்சணம் இல்லை. அங்க நீங்கள் என்ன செய்யிறியள்?

— குசினியில அடுப்புக்கு மேல கயிறு கட்டிப் போடுறம். வெள்ளம் வத்தி ரெண்டு கிழமையாகியும் இங்க பாலையூற்றில வெயிலைக் காணேல்லை.

— புகை மணக்கிற ஈரத்துணியை அம்மாவுக்குக் கீழ விரிச்சா முதுகுப் புண் எப்பிடி ஆறும்? டொக்டர் என்ன சொன்னவர்?

— காய்ஞ்ச துணி வேணுமாம். இல்லாட்டிப் புண் எலும்பு வரைக்கும் போயிடுமாம்.

— பாத்தியோ! அம்மா பாரிசவாதத்தில கைகால் இழுத்துப் படுக்கையில விழுந்து ஒரு வருசமாச்சு. பக்கத்தில இருந்து பாக்க எனக்கு ஏலாது. இது ஒண்டாவது செய்வமெண்டுதானே அனுப்பினனான். பத்து நாளா பெட்டிக்குள்ளயே கிடக்கு. உன்ர புருசன் சுவர் ஈரமெண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு திரியிறார்.

— சாட்டில்லை, அண்ணா. அது களிமண் வைச்சுக் கட்டின பழைய சுவர். இடுப்பளவு வெள்ளத்தில மூண்டு நாள் ஊறினது. தை பிறந்தாத்தான் காயும் எண்டவர்.

— தை வரைக்கும் அம்மா தாங்குவாவோ? அதுதான் நேற்று ஃபோன் எடுத்து நல்லா ஏசினனான். உங்கட அம்மாவெண்டா இப்பிடிப் பாத்துக்கொண்டு இருப்பியளோ, இராகுலன், எண்டு கேட்டனான்.

— அப்பிடியோ கேட்டனீங்கள்?

— வேற எப்பிடிக் கேக்கிறது? உனக்குச் சொல்லேல்லையோ?

— இல்லை. இரவு சாப்பிடவும் இல்லை. விடிய எழும்பி, துறைமுகத்தில தன்னோட வேலை செய்யிற நௌபரிட்ட போய் துளைக்கிற மெசின் வாங்கிக்கொண்டு வந்தவர்.

— ரோசம் வந்திட்டுது! நல்லது, நல்லது. துளை போட்டவரோ?

— ஓம். ரெண்டு போட்டவர்.

— நாலு வேணும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. விளங்குதோ? அம்மா எங்க?

— பக்கத்து வீட்டில. பஹ்மியா அக்கா பாத்துக்கொள்ளுறா.

— அதுவும் சரிதான், தூசி பறக்கும். மனிசனிட்ட ஃபோனைக் குடு. நேற்றுக் கொஞ்சம் கூடக் கதைச்சுப்போட்டன். கோவிக்க வேண்டாமெண்டு சொல்லவேணும்.

— ஏலாது, அண்ணா.

— ஏன், என்னோட கதைக்கமாட்டாராமோ?

— நான் வீட்டில இல்லை. பெரியாஸ்பத்திரியில நிக்கிறன்.

— ஐயோ, அம்மாவுக்கு என்ன?

— அம்மாவுக்கு ஒண்டுமில்லை. மூண்டாவது துளை போடேக்க சுவர் அப்பிடியே அவருக்கு மேல விழுந்திட்டுது. இங்க கொண்டு வரேக்கையே உயிர் இல்லை.

— பிள்ளை… என்னடி சொல்லுறாய்?

— மரண விசாரணைக்கு வந்த ஐயா கேக்கிறார், ஈரச்சுவரெண்டு தெரிஞ்சும் அவர் ஏன் துளைச்சவர் எண்டு. நான் என்ன சொல்ல, அண்ணா?