மீன் தொட்டிக்குள் போன வேர்

— ஐயையோ, இழுக்காதீங்க அண்ணி! விடுங்க, விடுங்க!

— நான் எங்கம்மா இழுத்தேன்? ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கலாம்னு நீதானே சொன்ன. தூக்கினா வரமாட்டேங்குது உன் மகாராணி.

— எங்கயோ மாட்டியிருக்கு. கீழ வைங்க, மெதுவா. கம்பு சாயுது பாருங்க. புது இலை இன்னும் சுருள் பிரியல. அதுல விரல் பட்டாக்கூட வடுவாயிடும்.

— விரல் பட்டாலே வடுவாகுற செடியை இன்னைக்கே தூக்கிட்டுப் போகணுமாக்கும்? பதினோரு மாசமா இந்த மூலையில ஜம்முனு நின்னுச்சு. யாரு வேண்டாம்னா?

— யாரும் வேண்டாம்னு சொல்லல அண்ணி. அண்ணன் என் வீட்டுக்கே வந்து செடிக்குன்னு தனியா விளக்கு மாட்டிக் கொடுத்துட்டாரு. இனிமேலும் என் வீட்டுல வெளிச்சமில்லன்னு சொல்லி உங்க எடத்தை அடைச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?

— உங்க அண்ணனை யாரு மாட்டச் சொன்னது? கேட்டுக்கோ, என் தையல் மெஷினுக்கு மேல ஒரு பல்பு மாட்டித் தாங்கன்னு ஆறு மாசமா கேக்கறேன், காதுல விழல. தங்கச்சிக்குன்னா மட்டும் எள்ளுன்னா எண்ணெயா நிப்பாரு.

— தினமும் கடையைச் சாத்திட்டு நாலு மாடி ஏறி வரேனேன்னு பாவப்பட்டாரு.

— நீ எப்பவாச்சும் மூச்சு வாங்கி நின்னதுண்டா? மணி ஆறடிச்சா வருவ. கண்ணாடிக் கடையிலேருந்து லென்ஸ் துடைக்கற துணியோட வருவ. ஒவ்வொரு இலையா மேல ஒரு தடவை, அடியில ஒரு தடவை துடைப்ப. மண்ணுல விரலை விட்டு, ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருக்கான்னு பாப்ப. நான் பாட்டுக்கு காஜா எடுத்துட்டிருப்பேன். அதைத் தவிர என்ன பெரிசா பண்ணிட்டோம்? எடுத்துட்டுப் போ. எனக்கென்ன வந்தது.

— கோவமா அண்ணி?

— எனக்கென்ன கோவம்? எனக்கு நாலு ப்ளவுஸ் பாக்கி இருக்கு.

— ரெண்டு பேரும் என்ன சத்தம் போடறீங்க? என் மீனுங்க மிரளுது!

— அண்ணா, அந்த டார்ச்சை எடுத்துட்டு வாங்களேன். செடி அலமாரிக்குப் பின்னால எங்கயோ மாட்டியிருக்கு.

— இந்தா வாண்டு, தள்ளு, நான் பாக்கறேன். எங்க... அடேயப்பா! இங்க வந்து பாரு. உன் செடியோட தண்டுலேருந்து கிளம்பின வேர் ஒண்ணு அலமாரிக்குப் பின்னாலயே போயி, மூடிச் சந்துல நுழைஞ்சு, என் மீன் தொட்டிக்குள்ளயே இறங்கியிருக்கு!

— என்னது?

— பின்பக்கம் வெள்ளையா தாடி மாதிரி ஒரு கொத்து வளர்ந்துச்சே! மீன் கடைக்காரன் கொடுத்த தண்ணிச் செடி பிடிச்சுக்கிச்சுன்னு நான் சந்தோஷத்துல இருந்தேன். தண்ணி வேற பளிங்கு மாதிரி இருக்கு. என் கைராசின்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்.

— அதான் நாலஞ்சு மாசமா இலை ஒவ்வொண்ணும் முறம் அளவு வந்துச்சா! உரத்தை மாத்தினதால வருதுன்னு நான் நோட்டுல எழுதி வச்சேன் அண்ணா.

— உரமா? மொத்தமும் என் மீனுங்க போட்ட பிச்சை.

— என்னங்க, பெருமையை அப்புறம் பேசலாம். இப்ப இதுக்கு வழி என்ன?

— உன் கத்திரியைக் கொடு, நறுக்குன்னு ஒரு வெட்டு.

— துணி வெட்டற கத்திரியில வேரை வெட்டுவீங்களா? கேட்டுக்கோங்க, அதுல காகிதம் வெட்டினவனையே நான் சும்மா விட்டதில்ல.

— அட, வேண்டாம், வேண்டாம். இரு. வேருக்குள்ள குஞ்சுங்க ஒளிஞ்சிருக்கு! ஒண்ணு, ரெண்டு... ஒன்பது! வெட்டினா பெரிய மீனுங்க முழுங்கிடும். யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

— வெட்டினா செடிக்கும் ஆகாது அண்ணா. இவ்வளவு நாள் இந்த வேர்லதான் குடிச்சிருக்கு. இதோட இலையில வெள்ளையா இருக்கற பாதிக்குத் தானா சமைச்சுக்கத் தெரியாது. பச்சைப் பாதி உழைச்சுப் போடறதை உக்காந்து சாப்பிடும். சாப்பாடு குறைஞ்சா முதல்ல கருகறது அந்த வெள்ளைதான். அந்த வெள்ளைக்காகத்தான் இது அபூர்வம்.

— உழைக்கறது ஒருத்தர், உக்காந்து சாப்பிடறது ஒருத்தர், பேரு வாங்கறது உக்காந்திருக்கறவங்க. இந்த வீட்டுல இது நல்லா வளர்ந்ததுல ஆச்சரியமே இல்ல.

— என்னைத்தானே சொல்ற? சொல்லு, சொல்லு. நேத்து ஏணியைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு தெரு நடந்தது யாரு? இவ வீட்டுல நட்டநடுப் பகல்ல டார்ச் அடிச்சுக்கிட்டு விளக்கு மாட்டியிருக்கேன். குகை மாதிரி இருக்குடி. ஜன்னல்ல ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு நாலு மூலையிலும் ஆணி அடிச்சு வச்சிருக்கா. அதுல இருக்கற தூசியைப் பாத்தா ஒரு வருஷமாவது இருக்கும். கழட்டட்டுமான்னு கேட்டா, கண்ணு கூசுதாம்.

— கண்ணாடிக் கடைக்காரிக்குக் கண்ணு கூசுதா?

— அது கிடக்கட்டும் அண்ணி. அண்ணா, ஒரு வாளி எடுத்துட்டு வாங்க. குஞ்சுங்களைப் பத்திரமா மாத்திட்டு, வேரை அப்படியே உருவ முடியுதான்னு பாக்கலாம்.

— ஒரு குஞ்சு குறைஞ்சாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன். வாளி மொட்டை மாடியில இருக்கு. நான் வரவரைக்கும் யாரும் தொடாதீங்க.

— என்னம்மா டார்ச்சை வச்சுக்கிட்டு அங்கயே பாக்கற?

— அண்ணி, இந்த வேரை நான் கம்போட சேத்துக் கட்டியிருந்தேன்.

— அவுந்திருக்கும்.

— நான் கட்டினா அவுழாது. கடுகளவு திருகாணியை மூக்குக் கண்ணாடியில மாட்டற கை இது.

— அப்ப வேர் தள்ளியிருக்கும். செடிக்குத் தாகம் எடுத்தா தண்ணி இருக்கற எடத்தைத் தேடித்தானே போகும்?

— போகும். ஆனா அலமாரிக்குப் பின்னால மூணு எடத்துல நூல் கட்டி யாரோ வழி காட்டியிருக்காங்க. நான் கட்டினது வெள்ளை நூல். இது பழுப்பு.

— ஓ.

— வேரும் பழுப்பு, நூலும் பழுப்பு. டார்ச் அடிச்சும் கண்ணுக்குத் தெரியல, விரல்ல தட்டுப்பட்டுதான் பாத்தேன். கள்ளத்தனம் பண்ணும்போதுகூட நூலை மேட்ச் பண்ணித்தான் கட்டணும்னு யாருக்கு அண்ணி தோணும்?

— வேற கலர் போட்டா கண்ணை உறுத்துமேம்மா.

— நீங்களா?

— ஆமா, நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா முடியும்? கேட்டுக்கோ. ஒருநாள் துடைச்சு முடிச்சுட்டு என்ன சொன்ன? 'இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் எடுத்துட்டுப் போயிடறேன் அண்ணி, உங்களுக்குத் தொந்தரவு'ன்னு. நீ படி இறங்கினதும் முடிச்சை அவுத்தேன். ஒரு வேராவது இந்த வீட்டைப் பிடிச்சுக்கிட்டா நீ லேசுல தூக்க முடியாதுன்னு நினைச்சேன். ஆனா அது மீன் தொட்டியில இப்படிக் கொழிக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

— எதுக்கு அண்ணி இதெல்லாம்?

— செடி போனா நீயும் வரமாட்ட. அதுக்குத்தான். ரெண்டு வருஷம் வராம இருந்தவதானே நீ? ஒரு மூக்குக் கண்ணாடிக்காக!

— நீங்க என்ன பண்ணீங்க? நான் பாத்துப் பாத்துச் செஞ்சு கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, படியெல்லாம் ரெண்டா தெரியுதுன்னு மாடி மாடியா போயிச் சொன்னீங்க.

— நீ மட்டும் என்ன? 'அண்ணிக்கு மூக்கே கோணல், கண்ணாடி என்ன பண்ணும்'னு கடையில நாலு பேர் முன்னாடி சொன்ன.

— சொன்னேன். தப்புதான். அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியிலயே தெரிஞ்சுது தப்புன்னு. வந்து சொல்றதுக்குத்தான் கால் வரல.

— எனக்கு மட்டும் வந்துச்சா? உன் கடை வாசல் வரைக்கும் எத்தனை தடவை வந்து திரும்பியிருக்கேன். அப்புறம் ஒருநாள் நீயே வந்து நின்ன. குழந்தையை வச்சுக்கற மாதிரி இந்தச் செடியை இடுப்புல வச்சுக்கிட்டு. 'என் வீட்டுல வெளிச்சமில்ல, உங்க ஜன்னல் கிழக்குப் பாத்தது, இங்க வச்சுக்கட்டுமா'ன்னு கேட்ட. நான் உன் முகத்தைக் கூடப் பாக்காம 'வை'ன்னேன். ரெண்டு வருஷம் கழிச்சு பேசின பேச்சு அந்த ஒத்தை எழுத்துதான். உள்ள போயி மெஷின் முன்னாடி உக்காந்து அழுதேன். தெரியுமா உனக்கு?

— தெரியாது அண்ணி. மெஷின் ஓடற சத்தம்தான் கேட்டுச்சு.

— துணியே வைக்காம ஓட்டினேன்.

— இப்பவும் அழறீங்க.

— இல்ல, எனக்கும் கண்ணு கூசுது.

— வாளி வந்தாச்சு, வலை வந்தாச்சு! வாண்டு, முதல்ல குஞ்சுங்க, அப்புறம்தான் உன் வேர். என்ன, ரெண்டு பேரும் தரையில உக்காந்திருக்கீங்க? வேர் அறுந்துபோச்சா?

— அறுந்துபோகல அண்ணா. குஞ்சுங்களும் இங்கயே இருக்கட்டும், செடியும் இங்கயே இருக்கட்டும்.

— அப்ப நான் ஏணி தூக்கிட்டுப் போயி மாட்டின விளக்கு?

— அதைக் கழட்டிட்டு வந்து அண்ணி மெஷினுக்கு மேல மாட்டுங்க. ஆறு மாசமா கேக்கறாங்களாமே.

— நல்லா சொல்லு! கேட்டுக்கோங்க, இன்னைக்கே மாட்டணும்.

— என்னை ஒருநாளாவது உக்காந்து சாப்பிட விடுங்களேன் ரெண்டு பேரும்!

— ஏணியைக் கொண்டு வரப்ப ஆணி பிடுங்கற குறடும் கொண்டு வாங்க அண்ணா. ஜன்னல்ல இருக்கற அந்தக் கம்பளியையும் கழட்டிடலாம்.

— கண்ணு கூசும்னு சொன்னியே?

— இனிமே கூசாது.

— இரும்மா, இரு. எனக்கு ஒண்ணு புரியல. அந்தக் கம்பளியைக் கழட்டிட்டா உன் வீட்டுல வெளிச்சம் வருமா?

— கொட்டும் அண்ணி. இந்தச் செடியை நான் வாங்கினதே அந்த ஜன்னல் வெளிச்சத்துல வைக்கத்தான்.