முள் இறங்கும் வரை

இந்த அறையின் ஏசி சரியாகக் குளிரவில்லை, சார். பதினெட்டில் வைத்திருக்கிறீர்கள், அப்படியும் உங்கள் சட்டைக் காலர் நனைந்திருக்கிறது. கேஸ் குறைந்துவிட்டது என்று யாராவது வந்து சொல்வார்கள். நம்பாதீர்கள். மாட்டியவன் வேக்யூம் போடாமல் போயிருக்கிறான். என்னை வெளியே உட்கார வைத்திருந்தீர்களே, அப்போது ஏசியின் வெளிப்பெட்டி போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கன்னடத்திலும் சொல்வேன், ஆனால் உங்களுக்குத் தமிழ் புரிகிறது என்பதால் இதிலேயே சொல்கிறேன். எதையும் விட்டுவிடாமல் சொல்ல இதுதான் வசதி.

என் பெயர் ஆதிகேசவன். பிரேசர் டவுனில் ஜூடித் மேடம் வைத்திருக்கும் ஏசி சர்வீஸ் கடையில் பத்தொன்பது வருடமாக மெக்கானிக். புது ஏசி மாட்டும்போது குழாய்க்குள் நம் ஊர்க் காற்றும் அதிலுள்ள ஈரமும் மாட்டிக்கொள்ளும். அதை பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். நான் வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைக் கழற்றிவிட்டு, தடித்த குட்டை ஹோஸை மாட்டுவேன். மெல்லிய நீள ஹோஸில் உறிஞ்சினால் பொழுது விடிந்துவிடும். பம்பின் ஆயிலை அடிக்கடி மாற்றுவேன். உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மைக்ரான் மீட்டரில் எண் ஐந்நூறுக்குக் கீழே இறங்கியதும் பம்பை மூடிவிட்டுக் காத்திருப்பேன். எண் கொஞ்சம் ஏறி நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் ஓட்டை. அசையாமல் இருந்தால் மட்டுமே கேஸ். சாதாரண வீட்டு ஏசிக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டுமே.

சரவணன் நான்கு வருடம் முன்பு வாணியம்பாடியிலிருந்து வந்து கடையில் சேர்ந்தான். அவனுடைய முறை வேறு. வெளிப்பெட்டியிலிருந்து கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு, அந்த வேகத்தில் காற்றைப் புஸ்ஸென்று வெளியே தள்ளிவிடுவான். மூன்று விநாடி. நான் ஒரு வீட்டை முடிப்பதற்குள் அவன் மூன்று வீடு முடித்து, மூன்றிலும் காபி குடித்திருப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

ஒருமுறை இந்திராநகரில் என் பம்பைக் கொடுத்து அனுப்பினேன். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனால், அவன் என் பம்பின் மேல் ஏறி நின்று சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். பம்பைப் பயன்படுத்தவில்லையா என்று கேட்டேன்.

“யூஸ் பண்ணிட்டுதானேணா இருக்கேன்,” என்றான்.

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அன்று தேதி மார்ச் பதினொன்று, நேரம் பதினொன்றே கால்.

போன மாதம் ஜூடித் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து சரவணன்தான் ஹெட் மெக்கானிக், யார் எங்கே போவது என்பதை அவன் சொல்வான் என்றார். வேக்யூம் பற்றி நான் எடுத்துச் சொன்னேன்.

“ஆதி, கஸ்டமருக்கு ஜில்லுனு வந்தா போதும். உங்க மீட்டர்ல என்னா நம்பர் வருதுன்னு அவங்களுக்கு என்னா தெரியும்? ஸொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க,” என்றார்.

கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்வதாகச் சொன்னேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதன் சொன்னால் கேட்காததை, வேலையே ஒருநாள் சொல்லிக்கொடுக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

வைட்ஃபீல்டில் கிஷோர் என்பவர் வீடு மாற்றுகிறார், நான்காவது மாடியில் இருக்கும் ஏசியைக் கழற்ற வேண்டும் என்று வேலை வந்தது. கழற்றுவதற்கு முன் குழாயில் உள்ள கேஸையெல்லாம் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்க வேண்டும். கேஜ் என்று கடிகாரம் போல ஒன்று உண்டு, குழாயில் கேஸின் அழுத்தம் எவ்வளவு என்று அதன் முள் காட்டும். அதை மாட்டிக்கொண்டு கம்ப்ரசரை ஓட விடுவோம். முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்ததும் வால்வை மூடிவிட்டு உடனே நிறுத்த வேண்டும். குழாயில் எங்காவது நட்டு தளர்ந்திருந்து, கேஸ் தீர்ந்த பிறகும் ஓட விட்டால், கம்ப்ரசர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றும் ஆயிலும் கேஸும் சேர்ந்து நசுங்கிச் சூடேறினால் பெட்டி வெடிக்கும். குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது என்று நான் பத்தொன்பது வருடமாகச் சொல்வதும் இதனால்தான்.

சரவணன் கேஜ் மாட்ட மாட்டான். கம்ப்ரசரின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே நிறுத்திவிடுவான், அதிகம் போனால் ஒரு நிமிடம். நல்ல காது அவனுக்கு. அதை நான் மறுக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம், எவ்வளவு குழாய் இருக்கிறது என்று பார்த்துவர நான்தான் போனேன். கிஷோர் சார் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பால்கனியில் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். கேஸ் சீறும் சத்தம்கூட வராத அளவுக்கு. பிறகு டேப்பை முன்போலவே சுற்றிவிட்டேன். டேப் சுற்றுவதில் என் கை சுத்தம் என்று மேடமே சொல்வார்.

மறுநாள் காலை கடையில் என் கேஜ் ஒன்றை எடுத்து சரவணனின் பையில் வைத்தேன். “இன்னைக்காவது மாட்டிப் பாரு, நீ இனிமே ஹெட்டு,” என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “கண்டிப்பாணா,” என்றான். கவனியுங்கள் சார், வழியும் நான்தான் காட்டினேன். முறைப்படி வேலை செய்பவனுக்குக் கேஜே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பிறகு நான் மல்லேஸ்வரம் போனேன். தமயந்தி அம்மா வீட்டில் புது ஏசி. பதினொன்றரை மணிக்கு மேடம் போன் செய்து அழுதார். வைட்ஃபீல்டில் பெட்டி வெடித்துவிட்டது, சரவணன் அந்த இடத்திலேயே போய்விட்டான் என்றார். கிஷோர் சார் உள்ளே இருந்ததால் தப்பினார். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி சௌம்யாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “காலைலகூட உங்களப் பத்திதான் சொன்னாருணா, கேஜெல்லாம் குடுத்தீங்களாமே,” என்றாள். எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

அவன் வழக்கம்போல கேஜ் மாட்டியிருக்க மாட்டான், அவசரம்தான் அவனைக் கொன்றது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் இப்போது மேசைமேல் வைத்திருக்கும் போட்டோவில் கேஜ் வால்வில் மாட்டியிருக்கிறது. முறையாகத்தான் மாட்டியிருக்கிறான். நூறில் நிற்கிறது முள், பெட்டி சிதறிய பிறகும். அது என் பழைய கேஜ், சார். இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அந்த முள் நூறை விட்டு அசையாது. நல்ல கேஜை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

போன் கம்பெனியிலிருந்து நீங்கள் வாங்கிய தாளில், பதினொன்று எட்டுக்கு ஒரு அழைப்பு இருக்கிறது. நாற்பது விநாடி. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மல்லேஸ்வரத்தில் மீட்டர் அப்போது அறுநூறைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது, என் கவனம் அதில் இருந்தது. பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தத்துக்கு மேலே சரவணன் கத்திப் பேசினான்.

“அண்ணா, உங்க கேஜ் மாட்டிட்டேன். முள்ளு எறங்கவே மாட்டேங்குதுணா. சவுண்டு வேற மாறிடுச்சு. நிறுத்திடட்டா?”

நான் சத்தம் போடவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் பேசினேன்.

“காதை நம்பாதே. முள் எறங்கற வரைக்கும் ஓட விடு. அவசரப்படாதே.”

“சரிணா,” என்றான்.

நான்கு வருடத்தில் அவன் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.