மீன்கள் குறித்துக் கொடுத்த தேதி

ஏரிக் காற்றுக்கு அஞ்சாத நெஞ்சும், அதனினும் அஞ்சாத வயிறும் கொண்டு இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஊர்த் தலைவர் எமெட் சோரன்சன் அவர்களே! மடக்கு நாற்காலியோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியவர்களே! பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லாயை மாட்டிவிட்டுத் தங்கள் காதுகளைக் குளிருக்குத் தானம் தந்த தாய்மார்களே! முழங்கை அளவு மீனைப் பிடித்து முழு ஆள் அளவு சொல்லும் தந்தைமார்களே! லாரித் தொட்டிக்குள் நெளிந்தபடி, இந்த அம்மாள் எப்போது முடிப்பாள் என்று காத்திருக்கும் ட்ரவுட் மீன்குஞ்சுகளே! உங்கள் அனைவருக்கும் லோர்னா ஹால்வர்சனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

இன்று ஏப்ரல் முப்பது. எங்கள் அரசு மீன்குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மூன்று பேர் ஓய்வு பெறுகிறார்கள். ஒருவர் மேற்பார்வையாளர் ரோலண்ட்; என் கணவர். இன்னொருவர் ஆர்னி மாக்கி. மீன் முட்டைகளுக்குத் தாயும் அவர்தான், தாதியும் அவர்தான். மூன்றாமவர் டார்லீன் க்ரூகர். அலுவலகத்தையும் அதிலிருந்த ஆண்களையும் ஒழுங்காக வைத்திருந்தவர். நானா? நான் எப்படி ஓய்வு பெறுவேன்? அரசாங்கம் எனக்கு ஒருநாளும் வேலை கொடுக்கவில்லை. ஆனால் என்னிடம் வேலை வாங்கியது!

எப்படி என்கிறீர்களா? பொரிப்பகத்து வளாக வீட்டில் குடியிருப்பவள் நான். சமையலறைச் சுவரில் ஒரு மணி. முட்டைத் தட்டுகளுக்கு வரும் ஓடைத் தண்ணீர் நின்றால் அது அடிக்கும். அது அடித்தால் நாங்கள் ஓட வேண்டும். பிறந்தநாள் கேக்கில் கத்தி வைத்தபோது அடித்தது, ஓடினோம். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது அடித்தது. பாதிச் சாயத்தோடு ஓடினேன். எங்கள் மகள் தன் காதலனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துவந்தபோது அடித்தது. அவனையும் இழுத்துக்கொண்டு ஓடினோம். நல்ல பையன். மறுநாளும் வந்தான்.

முட்டைகள் தட்டில் இருப்பதோ குளிர்காலத்தில். ஆகவே குளிர்காலத்தில் வெளியூர் கிடையாது, கடல் கிடையாது, வெயில் கிடையாது. ஜனவரி மாதத்துக் கடலை நான் நாட்காட்டியில் பார்த்திருக்கிறேன். அதுவும் வங்கிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது. இந்த மனிதர் ஓய்வு பெற்றால்தான் எனக்குக் கடல் என்று காத்திருந்தேன்.

சரி, எப்போது ஓய்வு பெறுவது? அரசு ஊழியருக்கு அது சாதாரணக் கேள்வியா? என்னைக் கல்யாணம் செய்துகொள்ளும் தேதியை ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்த ரோலண்ட், ஓய்வுத் தேதியை ஐந்து ஆண்டுகள் யோசித்தார்! மாதக் கடைசியில் விலகினால் மறுநாளே ஓய்வூதியக் கணக்குத் தொடங்கும். சில நாள் தள்ளினால் ஒரு மாதம் போச்சு. ஆண்டுக் கடைசியில் விலகினால் எடுக்காமல் சேர்த்த விடுப்பு முழுவதும் காசாகும். ஆண்டு தாண்டினால் வரம்புக்கு மேல் உள்ளது ஆவியாகும். ஆக, எல்லாக் கோணத்திலும் பொன்னான நாள் டிசம்பர் முப்பத்தொன்று. அன்று ஓய்வு, ஜனவரியில் ஃப்ளோரிடாக் கடற்கரை! வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் நீச்சலுடை வாங்கினேன். சிரிக்காதீர்கள், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் தேதியை வெளியே சொல்லக் கூடாதாம். சொன்ன அன்றே நம் நாற்காலிக்கு ஆள் பார்ப்பார்களாம். நகரத்தில் நடந்த ஓய்வூதிய விளக்கக் கூட்டத்துக்கு இவர் ரகசியமாகப் போனார். முன்வரிசையில் டார்லீன்! கடைசி வரிசையில் ஆர்னி! "சும்மா சாப்பாட்டுக்கு வந்தேன்" என்றார் ஒருவர். "எனக்கும் பசி" என்றார் மற்றவர். என் கணவர் வண்டி நிறுத்த இடம் தேடி உள்ளே வந்ததாகச் சொன்னார். உலகத்தில் இதைவிட மட்டமான பொய் உண்டா?

குட்டு எப்போது உடைந்தது தெரியுமா? நவம்பரில், நன்றித் திருநாள் விருந்தில், என் வீட்டு மேசையில்! வான்கோழியை வெட்டிக்கொண்டிருக்கிறேன். டார்லீன் தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணு சொல்லணும். டிசம்பர் முப்பத்தொண்ணோட நான் கெளம்புறேன்."

ஆர்னி முள்கரண்டியைப் போட்டுவிட்டார். "அது என் தேதி!"

"உன் பேரு எழுதியிருக்கா அதுல?"

ரோலண்ட் முகம் மேசையிலிருந்த சிவப்புக் குருதிநெல்லிச் சட்னி நிறத்துக்குப் போய்விட்டது. "என்னோடதும் அதுதான்."

"அடப்பாவிகளா! சாப்பாட்டுக்கு வந்தேன், வண்டி நிறுத்த வந்தேன்னு சொன்னீங்களேடா!" என்றாள் டார்லீன்.

சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஆர்னி கேட்டார். "அப்போ முட்டைங்கள யார் பாத்துக்குவா?"

ரோலண்ட் மெல்லச் சொன்னார். "மேலிடத்துல ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாத்தேன். புது ஆளுங்க ஏப்ரல்லதான் வருவாங்களாம். ஆள் இல்லேன்னா இந்த வருஷம் விட்டுடுங்கன்னாங்க."

"விட்டுடுறதுன்னா?"

"தட்டக் கவுத்துடுறது."

தாய்மார்களே, அதன் பிறகு யாருக்கும் கறி இறங்கவில்லை. தட்டுகளில் இரண்டு லட்சம் முட்டைகள். ஒவ்வொன்றிலும் அப்போதுதான் கறுப்புப் புள்ளியாகக் கண் தெரியத் தொடங்கியிருந்தது. எங்களையே பார்க்கும் கண்கள்!

அந்த நேரம் பார்த்து அடித்ததய்யா மணி!

யார் முதலில் எழுந்தது? தெரியாது. யார் கோட்டு மாட்டினார்கள்? ஒருவரும் இல்லை. ஆர்னி வெறும் காலுறையோடு ஓடினார். டார்லீன் கழுத்தில் கட்டிய கைத்துணியோடு ஓடினாள். நான் கறி வெட்டும் கத்தியோடு ஓடினேன். எதிரே வந்த தபால்காரர் இன்றுவரை என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை! ஓடைத் தண்ணீர் உள்ளே வரும் வாயின் சல்லடையைப் பாதி உறைந்த பனி அடைத்திருந்தது. வாரினோம், வாரினோம், கை மரத்துப்போகும்வரை வாரினோம். தண்ணீர் சலசலவென்று இறங்கியது. முழங்கால் வரை நனைந்து நின்ற மூவரையும் பார்த்தேன். நாளைக்கே ஓய்வு வேண்டும் என்று வழக்காடியவர்களா இவர்கள்? பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்னி காலுறையை அடுப்புக் கதவில் காயப்போட்டார். "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் ஏப்ரல் வரைக்கும் இருக்கேன்."

"ஒத்த ஆளா ஓடையையும் பாத்து, தட்டையும் பாத்து... கிழிச்ச!" என்றாள் டார்லீன். "நானும் இருக்கேன். நான் இல்லேன்னா உன் ஓய்வுப் பத்திரத்த யாரு அனுப்புவா?"

ரோலண்ட் என்னைப் பார்த்தார்.

உடனே நான் பெரிய மனதோடு தலையாட்டினேன் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! பூசணிப் பணியாரத்தை மேசையில் தொம்மென்று வைத்தேன். "நீ கட்டிக்கிட்டது என்னையா, இந்த முட்டைங்களயா?" என்றேன். "எத்தன குளிர்காலம் ரோலண்ட்? எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுவும் போச்சா?" அழுதேவிட்டேன். இதில் என்ன வெட்கம்?

ஆர்னி வாய் நிறையப் பணியாரத்தோடு கேட்டார். "லோர்னா, இவன்கிட்ட லீவு எவ்ளோ இருக்கு?"

"மலையளவு. கடைசி நாள்ல காசாக்கறதுக்கு."

"அப்போ வரம்புக்கு மேல உள்ளது போனாப் போகட்டும், மிச்சத்த ஜனவரியில எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போங்களேன். இங்க நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல?"

டார்லீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட ஆமா... லீவ எடுக்கலாம்ல!"

சபையோரே! ஆயுள் முழுவதும் விடுப்பு விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்திய அம்மாள் சொல்கிறாள், விடுப்பை எடுக்கலாமாம்! சேர்த்தோம், சேர்த்தோம், செலவழிக்க வேண்டும் என்பதையே மறந்து சேர்த்தோம். பொன்னான தேதிக்குப் பூட்டிவைத்த விடுப்புக்குள்தான் என் கடல் இத்தனை காலமும் இருந்திருக்கிறது!

போனோம். ஜனவரியில் போனோம்! கடல் நாட்காட்டியைவிட நீலம். நான்காம் நாள், மணலில் கண்ணயர்ந்திருக்கிறேன். கிணிகிணியென்று மணி! துள்ளி எழுந்து, "ரோலண்ட்! தண்ணி நின்னுடுச்சு!" என்று கத்தினேன். கரையே திரும்பிப் பார்த்தது. அவர் என் கையைப் பிடித்து, "லோர்னா, அது ஐஸ்கிரீம் வண்டி" என்றார். இருவரும் சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்தோம். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "பொரிஞ்சிருக்குமா?"

கேட்டது யார்? அவரல்ல, நான்! அன்று மாலை தொலைபேசியில் அழைத்தோம். ஆர்னி தொலைபேசியைத் தட்டுகளின் மேல் பிடித்தார். ஒரு காதில் அலை, மறு காதில் எங்கள் ஓடை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததேயில்லை. என்ன டார்லீன்? உடனே திரும்பி வந்தோமா என்று கேட்கிறார்கள் என்கிறாயா? எதற்கு? கடைசி நாள்வரை கடலில் குளித்துவிட்டுத்தான் வந்தோம்!

அந்த முட்டைகள் பொரிந்த குஞ்சுகள்தாம் இதோ, இந்தத் தொட்டியில்! ஓய்வு பெற உகந்த நாள் எது? மாதக் கடைசியா? ஆம், இன்றும் மாதக் கடைசிதான், டார்லீன் விடுவாளா! ஆண்டுக் கடைசியா? விடுப்பு வீணாகாத நாளா? எல்லாம் சரி, எல்லாம் பாருங்கள். ஆனால் நாம் கண்விழித்து வளர்த்த ஒன்று, நம் கையை விட்டுத் தானாக நீந்திப் போகும் நாள் ஒன்று வருமே, அந்த நாளையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டுப் போங்கள். பாதியில் போகாதீர்கள்!

வளாக வீட்டுக்கு வரும் புதுக் குடும்பத்துக்குப் புது மணி மாட்டியாகிவிட்டது. என் சமையலறைப் பழைய மணி இதோ என் கையில். இது அடித்தால் நாங்கள் ஓடினோம். இன்று முதன்முறையாக நான் அடிக்கிறேன், என் சூப்புக் கரண்டியால்! ஆர்னி, தயாரா? பிள்ளைகளே, ஓரமாக நில்லுங்கள். குளிரில் நின்று கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி, இந்த ஏரிக்கும் என் வணக்கம். திற, தொட்டியின் மதகை!

டங்! டங்! டங்!

ரோலண்ட்! ஏய், எங்க ஓடுற? நில்லு. இப்பிடி வந்து என் பக்கத்துல நில்லு. இனிமே அதுங்க ஓடும்.